ஐந்தாவதாக வரும் குதிரை

பிரிட்டனின் குதிரைப் பந்தய மைதானங்களில் கூடியிருக்கும் கூட்டத்தின் கண்கள் முதலாவதாக வரும் குதிரையின் மீதே நிலைத்திருக்க, எங்கோ ஓர் அறையில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் சிலர் மட்டும் ஐந்தாவதாக வரக்கூடிய குதிரைக்காகக் காத்திருக்கிறார்கள். வென்ற குதிரை எது என்பதும் அதன் மீது அமர்ந்திருந்த ஜாக்கி யார் என்பதும் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. பந்தய நிறுவனங்கள் விளம்பரத்துக்காக வழங்கும் 'கூடுதல் இடம்' என்னும் சலுகையில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு இடைவெளியே அவர்களுடைய இலக்கு. அந்த இடைவெளி எவ்வாறு உண்டாகிறது, அதைக் கணக்கால் எவ்வாறு அளக்கிறார்கள் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்; நேயர்கள் எவரையும் அந்தக் களத்தில் இறங்கும்படி அழைப்பது அதன் நோக்கமன்று.

முதலில் 'ஈச்-வே' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னைக் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தின் வழியாக 'வின்', 'பிளேஸ்' என்ற சொற்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கடினமன்று. அவ்விரண்டையும் ஒரே சீட்டில் சமமாகக் கட்டுவதுதான் ஈச்-வே. 10 பவுண்டு ஈச்-வே என்றால் மொத்தம் 20 பவுண்டு கட்டப்படுகிறது: பாதித் தொகை குதிரை வெல்லும் என்பதன் மீதும், மறுபாதி அது முன்னணி இடங்களுள் ஒன்றைப் பிடிக்கும் என்பதன் மீதும். பிளேஸ் பகுதிக்கு வின் விலையில் ஒரு பின்னமே கிடைக்கும். எத்தனை இடங்களுக்குப் பணம் என்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பிரிட்டனின் வழக்கப்படி 5 முதல் 7 குதிரைகள் ஓடினால் 2 இடங்களுக்கும், 8 அல்லது அதற்கு மேல் ஓடினால் 3 இடங்களுக்கும், 16 அல்லது அதற்கு மேற்பட்ட குதிரைகள் ஓடும் 'ஹேண்டிகேப்' பந்தயங்களில் 4 இடங்களுக்கும் பணம் தரப்படுகிறது. ஹேண்டிகேப் என்பது திறமையான குதிரைக்குக் கூடுதல் எடையும் திறமை குறைந்த குதிரைக்குக் குறைந்த எடையும் சுமத்தி, ஏட்டளவிலாவது எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும்படி சமன் செய்ய முயலும் பந்தயம்.

இத்தகைய பெரிய ஹேண்டிகேப்களில்தான், குறிப்பாகச் செல்ட்டனம் குதிரைப் பந்தயத் திருவிழாவிலும் லிவர்பூலுக்கு அருகிலுள்ள எயின்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்னும் தடை தாண்டும் பந்தயத்திலும், "நான்கு இடங்களுக்கு அல்ல, ஐந்து இடங்களுக்குப் பணம்", "ஆறு இடங்களுக்குப் பணம்" என்று நிறுவனங்கள் ஒன்றையொன்று விஞ்சிக்கொண்டு அறிவிக்கின்றன. இது தூண்டிலில் கோத்த புழு என்பதில் ஐயமில்லை. அந்தப் புழுவுக்கான செலவில் ஒரு பகுதி வாடிக்கையாளரிடமிருந்தே பிடிக்கப்படுகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வழக்கமாக வின் விலையில் கால் பங்கு தரவேண்டிய ஹேண்டிகேப்பில், கூடுதல் இடம் தரும் நிறுவனம் அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவது உண்டு. ஒன்றுக்கு இருபது விலையுள்ள, அதாவது ஒரு பவுண்டுக்கு இருபது பவுண்டு லாபம் தரும் குதிரைக்கு அப்போது பிளேஸ் விலை ஒன்றுக்கு ஐந்திலிருந்து ஒன்றுக்கு நான்காக இறங்கிவிடுகிறது.

இனி இந்தக் கணக்கின் மறுபாதி. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'பெட்ஃபேர்' என்னும் எக்ஸ்சேஞ்ச் தொடங்கப்பட்டது. எக்ஸ்சேஞ்ச் என்பது பங்குச் சந்தையைப் போன்று பந்தயக்காரர்கள் தங்களுக்குள் பேரம் நடத்தும் இடம். நிறுவனம் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு குதிரை வெல்லும் என்று பணம் கட்டுவதைப் போலவே, அது வெல்லாது என்று 'லே' செய்யவும், அதாவது அடுத்தவர் கட்டும் பந்தயத்தைப் 'புக்கி' எனப்படும் பந்தய நிறுவனத்தின் இடத்தில் நின்று ஏற்றுக்கொள்ளவும் அங்கே வழியுண்டு. மறு ஆண்டே, 2001இல், பந்தயம் கட்டுவோரிடமிருந்து பிடிக்கப்பட்டுவந்த வரியைப் பிரிட்டிஷ் அரசு நீக்கியது. ஒரு குதிரையைப் புக்கியிடம் கட்டி, அதே குதிரையை எக்ஸ்சேஞ்சில் லே செய்து, எது நடந்தாலும் ஏறத்தாழச் சமமாக முடியும்படி இரு பக்கமும் ஈடுகட்டி, சலுகையை மட்டும் சுரண்டி எடுக்கும் 'மேட்ச்டு பெட்டிங்' என்னும் முறை, எக்ஸ்சேஞ்சும் வரி நீக்கமும் ஒருசேர அமைந்த மண்ணில்தான் வேர்விட்டது. சட்டப்படியான எக்ஸ்சேஞ்ச் இல்லாத இந்தியாவில் இந்த முறைக்கு இடமில்லை.

இங்கே தாளும் பென்சிலும் அருகில் வைத்திருக்கும் நேயர்கள் அவற்றை எடுத்துக்கொள்வது நல்லது. 20 குதிரைகள் ஓடும் ஒரு ஹேண்டிகேப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு புக்கி 5 இடங்களுக்குப் பணம் தருகிறார். எக்ஸ்சேஞ்சின் பிளேஸ் சந்தையோ வழக்கம்போல் 4 இடங்களையே கணக்கில் கொள்கிறது. ஒன்றுக்கு இருபது விலையுள்ள ஒரு குதிரையின் மீது 10 பவுண்டு ஈச்-வே கட்டப்படுகிறது. கட்டிய பணத்தையும் சேர்த்துச் சொன்னால் வின் விலை 21, ஐந்தில் ஒரு பங்கு என்பதால் பிளேஸ் விலை 5. அதே குதிரையின் லே விலை எக்ஸ்சேஞ்சில் வின்னுக்கு 22 என்றும், பிளேசுக்கு 5.4 என்றும், கமிஷன் 2 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சமமாக முடிய வேண்டுமானால் வின்னில் 9.55 பவுண்டும் பிளேசில் 9.29 பவுண்டும் லே செய்ய வேண்டும். அப்போது வின் பகுதியில் குதிரை வென்றாலும் தோற்றாலும் நட்டம் ஏறத்தாழ 64 பென்ஸ். பிளேஸ் பகுதியில் ஏறத்தாழ 89 பென்ஸ். குதிரை முதலாவதாக வந்தாலும், நான்காவதாக வந்தாலும், கடைசியாக நொண்டிக்கொண்டு வந்தாலும் கையைவிட்டுப் போவது 1 பவுண்டு 53 பென்ஸ்தான்.

ஆனால் அது சரியாக ஐந்தாவதாக வந்துவிட்டால் புக்கியைப் பொறுத்தவரை அந்தக் குதிரை 'இடம்' பிடித்துவிட்டது. எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை பிடிக்கவில்லை. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு தீர்ப்புகள், இரண்டும் ஒருவருக்கே சாதகமாக! புக்கியிடமிருந்து பிளேஸ் லாபம் 40 பவுண்டு, எக்ஸ்சேஞ்சின் பிளேஸ் லேயிலிருந்து 9 பவுண்டு 11 பென்ஸ், வின் பகுதியில் போன 64 பென்சைக் கழித்தால் மொத்தம் 48 பவுண்டு 47 பென்ஸ். அதாவது 1.53 பவுண்டைச் செலவழித்து, சாதாரண முடிவைவிட 50 பவுண்டு மேலான ஒரு முடிவுக்கான சீட்டை வாங்கியதற்கு இது சமம். அந்தச் சீட்டின் விலை நியாயமானதா என்பதற்கு 50ஐ 1.53ஆல் வகுத்தால் போதும்: ஏறத்தாழ 33 முறைக்கு ஒரு முறையேனும் குதிரை சரியாக ஐந்தாவதாக வந்தால் நட்டமில்லை.

அப்படியானால் ஒரு குதிரை சரியாக ஐந்தாவதாக வருவதற்கு வாய்ப்பு என்ன? இத்துறையின் அழகெல்லாம் குடிகொண்டிருப்பது இந்தக் கேள்வியில்தான் என்பதால் இங்கே சற்று நின்று போகலாம். எந்தக் குதிரை என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு குதிரை ஐந்தாவதாக வந்தே தீரும். ஆகவே 20 குதிரைகளின் 'ஐந்தாமிட வாய்ப்பு'களையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும். சராசரி இருபதில் ஒன்று. 33இல் ஒன்று போதும் என்ற இடத்தில் இருபதில் ஒன்று கிடைப்பது நல்ல பேரமே. எனினும் சராசரி என்பது எல்லாக் குதிரைக்கும் பொருந்தாது. டேவிட் ஹார்வில் என்னும் புள்ளியியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு எளிய வழி ஒன்றைத் தந்தது: முதலாவதாக வந்த குதிரையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியவற்றின் வெற்றி வாய்ப்புகளை அதே விகிதத்தில் உயர்த்தி, இரண்டாமிடத்தை ஒரு புதிய பந்தயமாகப் பாவித்துக் கணக்கிடுவது, இப்படியே ஐந்தாமிடம்வரை இறங்கிச் செல்வது. பின்வந்த ஆய்வாளர்கள் இதில் ஒரு கோணலைச் சுட்டினர். வெல்லும் என்று எல்லோரும் நம்பும் குதிரைக்கு இந்தச் சூத்திரம் இரண்டாம் மூன்றாம் இடங்களில் உண்மைக்கு மிஞ்சிய வாய்ப்பைக் கொடுத்துவிடுகிறது. நன்றாக ஓடும் நாளில் வெல்லும் குதிரை, வெல்லாத நாளில் பெரும்பாலும் ஏதோ சரியில்லாமல் வெகுவாகப் பின்தங்கிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லத்தக்க ஒரு காரணம். எனவே கணக்குப் பார்த்துக் கட்டுவோர், எல்லோரும் நம்பும் குதிரையை விட்டுவிட்டு விலைப்பட்டியலின் நடுவில் தேடுவதில் பொருளுண்டு.

'ஏதோ ஒரு குதிரை ஐந்தாவதாக வந்தே தீரும்' என்று மேலே சொன்னதையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தட்டையான தரையில் ஓடும் பந்தயத்துக்கு அது பொருந்தும். தடை தாண்டும் பந்தயத்துக்கு எப்போதும் பொருந்தாது. 1928ஆம் ஆண்டின் கிராண்ட் நேஷனலில் 42 குதிரைகள் புறப்பட்டன. கோட்டைத் தொட்டவை இரண்டே இரண்டு: ஒன்றுக்கு நூறு விலையில் வென்ற டிப்பரரி டிம், கடைசித் தடையில் விழுந்து ஜாக்கி மீண்டும் ஏறி ஓட்டிவந்த பில்லி பார்ட்டன். இன்றைய கூடுதல் இடச் சலுகை அன்று இருந்திருந்தால் ஐந்தாமிடத்துக்குக் குதிரையே இருந்திராது. இப்போது ஆபத்தைக் குறைப்பதற்காக 2024 முதல் அந்தப் பந்தயத்தில் 34 குதிரைகளுக்கு மேல் ஓட அனுமதியில்லை. அதற்குச் சற்று முன்புவரை உச்சவரம்பு 40.

இந்த முறையில் காத்திருக்கும் பொறிகளைப் பற்றிச் சொல்ல எஞ்சியிருக்கும் நேரம் குறைவு. ஆயினும் சிலவற்றைத் தவிர்க்க முடியாது. 16 குதிரைகள் பெயர் கொடுத்த ஹேண்டிகேப்பில் காலையில் ஒரு குதிரை விலகிவிட்டால் எண்ணிக்கை 15 ஆகிறது. வழக்கமான விதிப்படி இடங்கள் நான்கிலிருந்து மூன்றாகச் சுருங்குகின்றன. புக்கி சலுகையை விலக்கிக்கொண்டு மூன்று இடங்களுக்கே பணம் தர, எக்ஸ்சேஞ்சோ முன்பே அறிவித்த நான்கிலேயே நிற்குமானால், இடைவெளி தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. மேற்சொன்ன விலைகளிலேயே கட்டிய குதிரை நான்காவதாக வந்தால், புக்கியிடம் பிளேசுக்குக் கட்டிய 10 பவுண்டும் போய், எக்ஸ்சேஞ்சில் 40 பவுண்டுக்கு மேலும் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு குதிரைகள் ஐந்தாமிடத்தைச் சமமாகத் தொட்டால் கட்டிய தொகையில் பாதிக்கு மட்டுமே பணம் கிடைக்கும். ஒரு குதிரை விலகும்போது மற்றக் குதிரைகளின் விலையில் புக்கிகள் செய்யும் கழிவும் எக்ஸ்சேஞ்ச் செய்யும் கழிவும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதுமில்லை.

'ஆபத்தற்ற லாபம்' என்று இதை விற்பவர்கள் மறைக்கும் செய்தி வேறொன்று. மேற்சொன்ன கணக்கில் ஒரு குதிரைக்காக எக்ஸ்சேஞ்சில் முடக்கி வைக்கவேண்டிய தொகை 240 பவுண்டுக்கு மேல். ஐந்தாமிட வாய்ப்பு இருபதில் ஒன்று என்று கொண்டாலும் சராசரியாக எதிர்பார்க்கத்தக்க லாபம் ஒரு பவுண்டுக்கும் குறைவு. அந்த ஒரு பவுண்டும் சீராக வருவதில்லை. இருபது முறை முயன்றும் ஒருமுறைகூட ஐந்தாமிடம் அமையாமற்போவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல். அதுவரை முப்பது பவுண்டு கரைந்திருக்கும். விலை மாறும் வேகத்தில் ஒரு பக்கம் கட்டி மறுபக்கம் லே செய்ய மறந்தவருக்கு அது வெறும் சூதாட்டமாகிவிடும் என்பதும், இவ்வாறு தொடர்ந்து சலுகையை மட்டும் கொத்திச் செல்பவரின் கணக்கைப் பந்தய நிறுவனங்கள் அடையாளம் கண்டு சில பென்ஸ்களுக்கு மேல் கட்ட முடியாதபடி சுருக்கிவிடுகின்றன என்பதும் இதனோடு சேர்ந்தவை. புழுவை மட்டும் தின்றுவிட்டுப் போகும் மீனைத் தூண்டில்காரர் நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

அடுத்த ஏப்ரலில் எயின்ட்ரீயின் முப்பது தடைகளையும் தாண்டிவரும் குதிரைகளைத் தொலைக்காட்சியில் காண நேரும் நேயர்கள், கேமரா வென்ற குதிரையின் பின்னே போய்விட்ட பிறகும், திரையின் ஓரத்தில் சேறு படிந்த உடம்போடு ஐந்தாவதாகக் கோட்டைக் கடப்பது எது என்று ஒரு கணம் தேடிப் பார்ப்பார்கள் என நம்பலாம். அதன் பெயர் திரையில் வருவதற்குச் சற்றுக் காத்திருக்க வேண்டியிருக்கும்.