விழுந்த திருகாணி

நேரம் குறைவு, அதனால் ஒரே ஒரு கவிஞரைப் பற்றிப் பேசுகிறேன். ஷூ லிஜி. 1990இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். ஷென்சென் நகரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் தொழிலாளி. அசெம்ப்ளி லைன், இரவு ஷிஃப்ட். புத்தகங்களுக்கு நடுவே ஒரு வேலை கிடைக்காதா என்று முயன்றார், கிடைக்கவில்லை. 2014 செப்டம்பர் 30 அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது 24.

இறந்த பிறகுதான் கவிதைகள் நூலாயின. தரையில் விழும் ஒரு திருகாணியைப் பற்றி அவர் எழுதியதை ஆங்கிலத்தில் படித்துக் கலங்கி, நண்பர்களுக்கு அனுப்பினேன். கைபேசியில்தான்.

அதே நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகிலும் ஆலை உண்டு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்வாரில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். விடுதியும் உணவுக்கூடமும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். சாலையை மறித்தால்தான் அது தெரியவருமா?

தமிழ் பேசும் பெண்கள் அவர்கள். நானோ அதை வெறும் செய்தியாகப் படித்துக் கடந்துவிட்டேன். சீனத்துத் தொழிலாளிக்குக் கலங்கியவன்தான் நான்.

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நானும் போனில்தானே பேசுகிறேன். அந்த விடுதிகளில் இருந்தவர்கள் எழுதிய கவிதையோ கடிதமோ நாட்குறிப்போ உங்களில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் அதை வாசிப்போம்.