இரு மருந்துகள் சந்திக்கும் வேளை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முன்னோர் வாக்கு. அளவு சிறிதும் மிஞ்சாதிருக்க, இரு நல்ல மருந்துகள் ஓருடலிற் சந்தித்துத் தீமை விளைப்பதும் உண்டு. அவ்வேளையில் தாதியின் கடமை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதயத்திற் செயற்கை வால்வு பொருத்தப்பெற்ற ஒருவர் நாள்தோறும் வார்பரின் உட்கொள்கிறார். வால்விற் குருதி உறையாது காப்பது அம்மருந்து. அவருக்குப் பல்லீறிற் சீழ் கட்டவே, வேறொரு வைத்தியர் மெட்ரோனிடசோல் எழுதுகிறார். தனித்தனியே நோக்கின் இரண்டும் குற்றமற்றவை. ஆயினும், ஈரல் வார்பரினைச் சிதைத்து அகற்றும் வழியை மெட்ரோனிடசோல் தடுக்கிறது. சில நாட்களுள் வார்பரின் உடலில் மிகுந்து குருதிப்பெருக்கு நேரலாம்.

இரவு ஒன்பது மணி. குளிசைகள் தட்டில் இருக்கின்றன. தாதியின் உள்ளத்தில் ஐயம் எழுகிறது. வைத்தியர் எழுதியதை நாம் வினவுவதா என அஞ்சிக் கொடுத்துவிடுதல் ஒரு பிழை. எவருக்கும் அறிவியாது தாமே வார்பரினை நிறுத்திவிடுதல் மற்றொரு பிழை. வால்வில் உறைந்த குருதி மூளையை அடைந்து வாதம் உண்டாக்கலாம்.

எனவே, புதிய மருந்தைச் சற்றே நிறுத்தி வைத்து, மருந்து நூலைப் பார்த்தோ மருந்தாளரைக் கேட்டோ ஐயத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். சீழுக்கு மருந்து தாமதிப்பதும் தீங்கன்றோ? அழைத்தபின், "ஏதோ சரியில்லைப் போலும்" என்று தயங்குவதாற் பயனில்லை. "ஐயா, இந்நோயாளி வார்பரின் உட்கொள்பவர், இன்று மெட்ரோனிடசோல் எழுதப்பட்டுள்ளது, கடைசி ஐ.என்.ஆர். இவ்வளவு, இரண்டையும் கொடுக்கலாமா?" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். வைத்தியர் மருந்தை மாற்றக்கூடும். அல்லது வார்பரினின் அளவைக் குறைத்து, ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்யப் பணிக்கக்கூடும். அவ்விடையை நோயாளியின் சீட்டில் எழுதி, அடுத்து வரும் தாதியிடமும் ஒப்புவித்தல் வேண்டும். விடை ஐயத்தைத் தீர்க்காவிடின், மூத்த தாதியிடமும் மூத்த வைத்தியரிடமும் முறையிடுவது அவமரியாதையாகாது.

இரண்டும் ஏற்கெனவே கொடுபட்டிருப்பின் மறைத்தல் ஆகாது. மறைக்கப்பட்ட பிழைக்கு மாற்று மருந்து கொடுப்பார் இல்லை. வைத்தியருக்கு அறிவித்து, ஈறிற் கசியும் இரத்தம், கரிய மலம், சிவந்த சிறுநீர், திடீர்த் தலைவலி ஆகியவற்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நேயர்களே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. வைத்தியசாலைக்குச் செல்லும்போது நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கிய அஸ்பிரினையும், நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். தாதி மீண்டும் மீண்டும் வினவினால் சினவாதீர்கள். மருந்து உங்கள் வாயை அடையுமுன் இறுதியாக நிற்கும் காவல் அவருடைய கையே. அக்கை ஒரு கணம் தயங்குவது உங்கள் நன்மைக்கே.