ஒரு சிறு குழாயின் வேலை

(ராயப்பேட்டையில் ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரிக்கு என்ன தேவை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பெரிய இயந்திரங்களின் பெயரையே சொல்லிப் பழகிவிட்டோம். இன்று ஒரு சிறு குழாயைப் பற்றிச் சொல்லுகிறேன்.

குடல்வால் வெடித்தாலோ, பிரசவத்துக்குப் பின் கிருமி பரவினாலோ, இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழத்தில் சீழ் கட்டுவதுண்டு. குளிர்காய்ச்சல் வந்து வந்து போகும். அடிக்கடி மலம் கழிக்கத் தோன்றும். சீதபேதி என்று எண்ணி நாட்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களும் உண்டு. சீழைச் சுற்றிச் சுவர் எழும்பிவிட்டால் மருந்து உள்ளே போதிய அளவு போய்ச் சேராது. சீழ் வெளியே வந்தாக வேண்டும்.

முன்பு அதற்குப் பெரும்பாலும் கத்திதான். சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியில் 1934-இல் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறந்தார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு தெரிந்த அளவுக்கு, நடுவே ஒளிந்திருந்த சீழ் தெரியவில்லை. 1970-களில் ஸ்கேன் பரவிய பிறகே பார்த்துக்கொண்டே ஊசி செலுத்த முடிந்தது.

ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பியின்மேல் குழாயை நகர்த்துவார்கள். சுவீடன் தேசத்து டாக்டர் செல்டிங்கர் 1953-இல் இரத்தக் குழாய்களுக்காக வெளியிட்ட முறை இது. குழாயின் பருமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். நுனி பன்றிவால்போலச் சுருண்டு நழுவாமல் நிற்கும். முன்பக்கம் குடலும் மூத்திரப்பையும் மறித்தால், சி.டி. ஸ்கேன் துணையோடு பிட்டத்தின் வழியாகப் போவார்கள். காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு அங்கே இருப்பதால், முதுகின் அடியெலும்பை ஒட்டியே ஊசி போகவேண்டும். பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. எல்லாருக்கும் இது போதும் என்று சொல்லமாட்டேன். குடல் ஒழுகிக்கொண்டேயிருந்தால் பிறகு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். ஆனால் மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் காய் விற்கும் ஒரு தாய்க்கு, வயிற்றைக் கிழிக்காமல் தப்புவது என்றால் என்னவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனிமேல்தான் நர்ஸின் வேலை. குழாய் அடைக்காமல் உப்புநீர் செலுத்தி, வடிந்ததை அளந்து, நாள்தோறும் எழுதவேண்டும். காய்ச்சல் தணிந்து, ஒரு நாளைக்கு 10, 20 மில்லி அளவுக்குக் குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள். இதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் எத்தனை லட்ச ரூபாய் ஸ்கேன் இருந்தும் பயனில்லை.

இயந்திரத்தில் உங்கள் பெயரைப் பொறிக்கலாம். இந்தக் குழாயில் அதற்கு இடமில்லை. ஒருவருக்குப் பயன்பட்டதும் எறிந்துவிடுவோம். ஆகையால் இதற்காகக் கொடுப்பவர்கள் குறைவு. மனமுள்ளவர்கள் உறையின்மேல் "குழாய்ச் செலவு" என்றோ "நர்ஸ் சம்பளம்" என்றோ எழுதிக் கொடுங்கள். அலுவலகத்தில் தனிக் கணக்கில் வரவு வைப்பார்கள்.