விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரு பீரியட்

இன்று பட்டம் பெறும் இளம் உடற்கல்வி ஆசிரியர்களே,

இந்த மேடையில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். "சார், போர்ஷன் முடியல. உங்க பீரியட நான் எடுத்துக்கட்டுமா?" ஒரு நாளும் நான் மறுத்ததில்லை. அவர் நல்ல மனிதர். பிள்ளைகளுக்கும் மார்க் வேண்டுமே. ஸ்டோர் ரூமைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் சர்க்கரை மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றேன். முன்னால் நின்றவன் திரும்பி, "வணக்கம் சார்" என்றான். என் மாணவன். நாற்பது வயது ஆகவில்லை. அவனும் அதே மாத்திரைக்குத்தான் வந்திருந்தான். பள்ளியில் இவன் எப்படி ஓடுவான் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

அவன் ஒருவன் கதையல்ல இது. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, உடம்புக்குப் போதிய அசைவு இல்லாத இந்தியப் பெரியவர்கள் 2000இல் சுமார் 22 சதவீதம். 2022இல் கிட்டத்தட்ட 50 சதவீதம். நம் பாட்டிமார் உடற்பயிற்சி செய்ததில்லை. தண்ணீர் சுமந்தார்கள், நெல் குத்தினார்கள், நாற்று நட்டார்கள். குழாயும் மில்லும் பைக்கும் வந்தது நல்லதுதான். அந்தப் பாட்டை மறுபடி யாரும் படவேண்டாம். ஆனால் உழைப்பு போன இடத்தில் விளையாட்டை வைக்க மறந்துவிட்டோம். அங்கே நாற்காலி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே கணக்கில், 2022இல் போதிய அசைவு இல்லாதவர்கள் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். காரணம் தேடி நான் வெகுதூரம் போகவேண்டாம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். மைதானம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட். உடை மாற்றக் கதவுள்ள ஓர் அறை, ஒரு கயிறு, நாலு டென்னிகாய்ட் வளையம் கேட்டு வாங்கியிருக்கலாம். நான் கேட்கவில்லை.

என்னைப் போல் இல்லாத ஆசிரியரும் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஒரு சிறுவன். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்தது. "நீ ஓரமா உட்காரு" என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. பள்ளி பி.டி. ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. உயரம் தாண்ட ஊக்கம் கொடுத்தார். அந்தச் சிறுவன், மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அந்த ஆசிரியர் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒரே வேலை. அவர் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தினார். நான் பல பிள்ளைகளை உட்காரவைத்தேன்.

பதக்கம் எல்லாருக்கும் வராது. மூச்சிரைக்க ஓடி, வேர்த்து, தோற்று, சிரித்து, குழாயடியில் முகம் கழுவும் சுகம் எல்லாருக்கும் வரலாம். பள்ளி வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கைக்கு வருவது வாரத்தில் ஓரிரண்டு பீரியட்தான். அதில் வேகமாக ஓடுகிறவனை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கபடிக்குச் சுண்ணாம்புக் கோடு போதும். அந்தக் கோட்டுக்குள் கடைசியாக வந்து நிற்கிற பிள்ளைக்கும் இடம் கொடுங்கள்.

கணக்கு ஆசிரியர் உங்களிடமும் வருவார். அவரோடு சண்டை போடாதீர்கள். அவருக்கும் சர்க்கரை இருக்கும். "வாங்க சார், பசங்களோட ஒரு ரவுண்டு ஓடிட்டுப் பேசலாம்" என்று சொல்லுங்கள்.