வராத ஆட்டக்காரர்

(இளைஞர் கால்பந்துக் குழுவினரிடையே ஆற்றிய உரை)

 

ஊருக்கு ஊர் இப்படி ஓர் ஆட்டக்காரர் இருப்பார். பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் எதிரணியினர் திகைத்து நிற்பார்கள். ஆனால் பயிற்சிக்கு வரமாட்டார். போட்டியன்றும் கடைசி நிமிடம் வரை அவர் வரும் வழியைப் பார்த்திருக்க வேண்டும். குழுத்தலைவரோ கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அந்த வராத ஆட்டக்காரரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வராமையில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு உலகறிந்த உதாரணம் ஜார்ஜ் பெஸ்ட். 1968ஆம் ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் குழு ஐரோப்பியக் கோப்பையை வென்ற இறுதிப் போட்டியில் அவரும் ஒரு கோல் அடித்தார். அவ்வாண்டே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் பெற்றார். அப்போது வயது 22. பின்னர் மதுவும் கேளிக்கையும் அவரை இழுத்தன. பயிற்சிக்கு வராமலிருப்பது பழக்கமாயிற்று. 1974 ஜனவரியில், 27 வயதிலேயே, அந்தக் குழுவில் அவர் ஆட்டம் முடிந்தது. 2005இல் 59 வயதில் மறைந்தார். திறமை இருந்தும் என்ன பயன்?

இரண்டாம் வகையை அறிய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. ஆரோவில்லுக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களைப் பாருங்கள். மழைக்காலம் ஓய்ந்தபின் பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விளைந்த உப்பை வாருகிறார்கள். கோடையே அதன் உச்சகாலம். எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போகும். ஆகவே வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கியாக வேண்டும். உவர்நீரில் நின்று நின்று வெடித்த பாதத்தோடு மாலையில் பந்தை உதைப்பது எளிதா? நாமோ பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில்தான் போட்டி வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அவருக்கு ஓய்வு கிடைக்கும்போது மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது!

விசைப்படகில் செல்லும் இளைஞர் கதை இதற்கு நேர்மாறானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கரையிலிருப்பார், தடை நீங்கியதும் கடலுக்குப் போய்விடுவார். இவர்களைச் சோம்பேறிகள் என்பது நியாயமாகுமா?

தலிமெரன் ஆவ் என்ற நாகர் இனத்தவர் கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகான் குழுவுக்கு ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவின் தலைவரும் அவரே. பிரான்சிடம் 1–2 என்ற கணக்கில் தோற்ற அந்த ஆட்டத்தில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். நாடே போற்றிய நாளிலும் அவர் படிப்பை விடவில்லை. 1950இல் மருத்துவப் பட்டம் பெற்று, தம் மக்களுக்குப் பணிபுரியத் திரும்பினார். கடமையையும் ஆட்டத்தையும் ஒருவர் சேர்த்தே சுமக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே குழுத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வராதவர் பெயரை அடிக்குமுன் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். உப்புக்காரரையும் கடலுக்குப் போகிறவரையும் கலந்துகொண்டு போட்டி நாளைக் குறியுங்கள்.

ஆனால் இன்னொருவரையும் மறக்கலாகாது. திறமை சற்றுக் குறைவாயினும் தவறாமல் வந்து, பந்து பொறுக்கிப் போட்டு, வலையைக் கட்டி அவிழ்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். இறுதிப் போட்டியன்று பெரிய ஆட்டக்காரர் வந்து நின்றதும், இத்தம்பியைக் கரையில் உட்காரவைப்பது முறையா? கோப்பை கிடைக்கலாம், அடுத்த ஆண்டு தம்பி வரமாட்டார். அவருக்கும் பாதி ஆட்டமாவது கொடுங்கள்.

திறமைசாலியான தம்பிக்கும் ஒரு சொல். உன் வேலை பெரிது, நாங்கள் குறைகூறவில்லை. ஆனால் வர இயலாதென்றால் முதல் நாளே சொல்லியனுப்பு. உன்னை நம்பிப் பத்துப் பேர் வழி பார்த்து நிற்கிறார்கள். வர இயலாதது குற்றமல்ல. சொல்லாமல் விடுவதே குற்றம்.