பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

(பங்கின் அன்னையர் சங்கக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"உடல்நலமும் வீட்டு வைத்தியமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சளிக்குத் தூதுவளை, இருமலுக்குச் சுக்கும் மிளகும் என்று நான் சொல்லத் தொடங்கினால், முன் வரிசையில் இருக்கும் பாட்டிமார்கள் சிரிப்பார்கள். அவை என்னைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். ஆகவே இன்று ஒரே ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அது பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு. உலகத்தில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நாலு லட்சத்துக்கும் மேல் இந்த நோயால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதற்கான முதல் மருந்தோ நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

பேதியாகும் குழந்தை எதனால் இறக்கிறது? கிருமி வயிற்றுக்குள் இருப்பதால் மட்டும் அல்ல. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியே போய்விடுவதால்தான் பெரும்பாலும் இறக்கிறது. கண் குழி விழுகிறது, நாக்கு வறள்கிறது, அழுதால் கண்ணீர் வருவதில்லை, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே இறங்குகிறது. இதைப் பார்த்துத்தான் நம் ஊர்களில் உரம் விழுந்துவிட்டது, தொக்கம் தங்கிவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தடவுகிறவர் கையில் அரைநாள் கழிந்துவிடுகிறது. உச்சிக்குழி இறங்கியது நீர் குறைந்ததால்தான். நீர் சேர்ந்தால் அது தானே மேலே வரும்.

இன்னொரு வழக்கம் இதைவிடக் கெட்டது. "தண்ணி கொடுத்தா இன்னும் போகும், வயித்தைக் காயப் போடு" என்கிறோம். தாய்ப்பாலைக்கூட நிறுத்துகிறோம். ஓட்டைப் பானையில் நீர் வடிகிறதென்று ஊற்றுவதையும் நிறுத்தினால் பானை என்ன ஆகும்? சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான்.

வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பேதியின்போது குடல் உப்பையும் நீரையும் சரியாக உறிஞ்சுவதில்லை. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால், குடலின் சுவரில் அவை இரண்டும் சேர்ந்து நுழைவதற்கென்று ஒரு தனி வாசல் உண்டு. காலரா கண்டவருக்கும் அந்த வாசல் அடைபடுவதில்லை. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போய்விடும்.

இதைப் பெரிய அளவில் உலகத்துக்குக் காட்டியவர் நம் நாட்டு மருத்துவர் ஒருவர். வங்காளத்தைச் சேர்ந்த அவர் பெயர் திலீப் மகலானபிஸ். 1971-ல் வங்க தேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் புட்டிகள் தீர்ந்துபோயின. அவரும் அவருடைய உதவியாளர்களும் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, டிரம் டிரம்மாகத் தண்ணீரில் கரைத்து வைத்தார்கள். நோயாளிக்கு ஊட்டியவர்கள் யார் தெரியுமா? தாய்மாரும் உறவினரும்தான். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நாலு பேருக்கும் குறைவாயிற்று. 2022-ல் அவர் காலமான பிறகுதான் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது. தாமதம்தான், என்ன செய்வது!

இனி செய்முறைக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்கும். அதுவே முதல் தரம். பொட்டலத்தின்மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவிலும் ஒரே தடவையாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று பிரிக்காதீர்கள். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

நடு இரவில் பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்கள். தலை தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, தூள் உப்பு அரை. கரைத்தபின் நீங்கள் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சர்க்கரை மிஞ்சினால் பேதி கூடும். கண்ணளவு, கைப்பக்குவம் எல்லாம் குழம்புக்குத்தான்.

அரிசிக் கஞ்சியும் நல்லது, உப்புப் போட்ட மோரும் நல்லது. ஆனால் ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இவை வேண்டாம். தாய்ப்பாலும் பொட்டலக் கரைசலும்தான். ஓமத் தண்ணீர் கொடுத்த பாட்டியோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இழந்த நீரை அந்த இரண்டு சங்கு ஓமத் தண்ணீர் ஈடு செய்யாது. கலர் சோடாவும் கடைப் பழரசமும் கூடவே கூடாது. மருந்துப் பொட்டலத்தின் பெயரையே போட்டுக்கொண்டு, காகிதப் பெட்டிகளில் இனிப்புப் பானங்களும் விற்றார்கள். உண்மைக் கரைசல் அல்லாதவற்றுக்கு அந்தப் பெயர் போடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அட்டையைப் படித்து வாங்குங்கள்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு தடவை போனபின்னும், இரண்டு வயதுக்குள் என்றால் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரையிலிருந்து ஒரு டம்ளர். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். இதற்கு மருந்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். அம்மா களைத்துப் போனால் அப்பா கரண்டியைப் பிடிக்கட்டும். பிள்ளை பசியென்றால் இட்லி, குழைந்த சோறு எல்லாம் கொடுக்கலாம். பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள். பேதி நின்றுவிட்டதென்று அதை நிறுத்தாமல் 14 நாளும் கொடுங்கள். ஆனால் பேதியைக் கட்டும் மாத்திரையைப் பெரியவர்களுக்கு வாங்கிய அட்டையிலிருந்து உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மலத்தில் இரத்தம், குடிக்க முடியாத சோர்வு, விடாத வாந்தி, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே மடிப்புப் போவது, இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தையென்றால் எதற்கும் காத்திராதீர்கள். போகும் வழியிலும் குடிக்க முடிந்த பிள்ளைக்குக் கரண்டி நிற்கக் கூடாது.

வராமல் தடுப்பதற்கு நீங்கள் அறிந்ததுதான்: குழந்தைக்குக் கால் கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, தண்ணீரைக் கொதிக்க வைப்பது, குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாமல் நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுப்பது, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசு நிலையங்களில் இலவசம். ஒன்றரை மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

பேச்சு போதும். மேசைமேல் லிட்டர் புட்டியும் உப்பும் சர்க்கரையும் தேக்கரண்டியும் வைத்திருக்கிறேன். நாலு நாலு பேராக வந்து, நீங்களே கலந்து ருசி பாருங்கள். பாட்டிமார்கள் முதலில் வாருங்கள்.