பெற்ற மன்னிப்பை ஏற்றல்

கொழும்பு கொச்சிக்கடையிலுள்ள புனித அந்தோனியார் ஆலயத்திற்குச் செவ்வாய்க்கிழமைகளிற் சென்றவர்கள் அறிவார்கள்: அங்கே கூடும் மக்களிற் கிறிஸ்தவரும் உளர், சைவரும் உளர், பௌத்தரும் உளர். நோய் தீர வேண்டி வருவோர் பலர். தொழில் வேண்டி வருவோர் பலர். பாவசங்கீர்த்தனத்திற்குக் காத்திருப்போரின் தேவையோ வேறு. நெடுநாள் மறைத்து வைத்த ஒன்றைச் சொல்லி, இறைவனின் மன்னிப்பைப் பெற்றுப் போக அவர்கள் வருகின்றனர். பெற்ற மன்னிப்பு அவர்களோடு வீடுவரை செல்கின்றதா என்பதே கேள்வி.

நேயர்களே, வெள்ளவத்தையில் வாழும் மகன் ஒருவரை எண்ணிப் பாருங்கள். போர்க்காலத்தில், முதிய தாயை யாழ்ப்பாணத்தில் விட்டுக் கொழும்புக்கு வந்தவர். “அடுத்த மாதம் வந்து கூட்டிப் போகிறேன், அம்மா” என்று சொல்லி வந்தவர். பாதை மூடப்பட்டது, அஃது ஊரறிந்த உண்மை. பாதை திறந்திருந்த வேளையிலும் அவர் போகவில்லை. அஃது அவர் மட்டும் அறிந்த உண்மை. அடக்கம் முடிந்த பின்னரே தாயின் மரணச் செய்தி அவருக்குக் கிடைத்தது. 2009 இற் போர் முடிந்தது. அவருள்ளே நடக்கும் விசாரணை முடியவில்லை. ஆண்டுதோறும் அதே குற்றத்தை அறிக்கையிடுகிறார். குருவானவரும் மன்னிப்பு வழங்குகிறார். காலி வீதியில் பஸ்ஸை விட்டிறங்குமுன் பழைய வழக்கு மீண்டும் தொடங்கிவிடுகின்றது.

இது தாழ்மைபோலத் தோன்றும். உண்மையில், இறைவன் தீர்த்து வைத்த வழக்கை மனிதன் தன் சிறு மன்றத்திலே திரும்ப விசாரிப்பதாகும்.

சுவிசேஷத்தில் ஒரே இரவிலே இருவர் தவறினர். யூதாஸ் காட்டிக் கொடுத்தான். பேதுருவாகிய இராயப்பர் மும்முறை மறுதலித்தார். இருவருமே மனம் நொந்தனர். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கவும் போனான். குற்றத்தை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னான். ஆனால் சொன்ன இடம், அவனை விலைக்கு வாங்கியவர்களின் இடம். அது தங்கள் கவலையன்று என்று அவர்கள் கைகழுவினர். அவன் தானே தனக்குத் தீர்ப்பெழுதிக் கொண்டான். இராயப்பரோ, அழுதபின் மற்றச் சீடரை விட்டு ஓடவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஒரு நுட்பமுண்டு. அவர் மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் அவரைச் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருந்தது. ஏன் மறுதலித்தாய் என்று கேட்கப்படவில்லை. அன்பு உண்டா என்றே மும்முறை கேட்கப்பட்டது. ஒவ்வொரு விடைக்கும் பின்னர் ஒரு வேலை கொடுக்கப்பட்டது: மந்தையைப் பேணும் வேலை.

மறுதலித்தவர்கள் இந்நாட்டிலும் இருந்தனர். 1656 இற் கொழும்பும், 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று 1658 இற் கட்டளை பிறந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையிற் பதியப்பட வேண்டும். இல்லையேல் உத்தியோகத்திற்கும் முதுசத்திற்கும் இடர். பலர் பெயரைப் பதிந்தனர். வீட்டுக்குள் செபமாலை, வெளியில் வேறு முகம். (அச்சபையினர் 1757 இற் கட்டி முடித்த வொல்பெண்டால் ஆலயம் கொட்டாஞ்சேனைக்கு அயலில் இன்றும் கம்பீரமாக நிற்கின்றது. இரு சபையாரும் இன்று நல்ல அயலவர். பழைய பூசலைக் கிளறுவது இப்பேச்சின் நோக்கமன்று.)

1687 இல் யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்திற் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை ஏற்று, அதைக் கண்டு யார் முகம் மாறுகின்றது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலையிலே தங்கி, இரவில் மறைவாகப் பூசை செய்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். பின்னர் கொழும்புக்கும் மறைந்து வந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டு அஞ்சி வாழ்ந்தவர்கள் அவர்முன் முழந்தாளிட்டுச் சொன்னவை அவர்களோடும் அவரோடும் போயின. அதன்பின் அவர்கள் செய்தது சரித்திரத்தில் இருக்கின்றது: எந்தச் செயலுக்கு அஞ்சித் தம் பெயரைப் பதிந்தார்களோ, அந்தச் செயலையே செய்தனர். குருவானவரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்தனர். 1689 இல் நத்தாரையொட்டி நடந்த சோதனையிற் பலர் பிடிபட்டு வதையுண்டனர், அடிகளார் அகப்படவில்லை. 2015 ஜனவரி 14 ஆந் திகதி, காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

வெள்ளவத்தை மகனுக்குத் திருப்பிக் கொடுக்கத் தாய் இல்லை. கடனாகப் பெற்ற பணமாயின் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அதிற் சமாதானம் சொல்ல இடமில்லை. இக்கடனுக்குக் கொடுப்பார் உண்டு, கொள்வார் இல்லை. ஆயினும் அவர் வாழும் மாடிவீட்டிலேயே, மேல்தளத்தில், பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தனியே வாழும் மூதாட்டி ஒருவர் இருக்கக்கூடும். வெள்ளவத்தையில் அத்தகைய வீட்டைத் தேடித் திரிய வேண்டியதில்லை. தாயின் நினைவு நாளில் பூசை கண்டு திரும்பும் மகன், வழியில் ஓர் இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு, தன் கதவைத் திறவாமல் இன்னும் ஒரு மாடி ஏறலாம். “ஆர் தம்பி?” என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும்.